ஊர்வலமா, ஊரழைப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க சர்க்கஸ் விளம்பரங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சர்க்கஸ்காரர்கள் தெருவில் நடத்திய 'ஸ்ட்ரீட் பரேட்'டுக்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் மூன்று நாளாக நிற்கிறேன். இந்தக் குழுவில் கேட்டதற்கு, 'தெரு அணிவகுப்பு' போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். 'ஊர்வலம்' இருக்கப் புதுச்சொல் எதற்கு என்று அக்கா கேட்டிருந்தீர்கள். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. அந்த ஊர்களில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கஸ் வருவதற்குச் சில வாரம் முன்பே விளம்பர ஆட்கள் தனி ரயில் பெட்டியில் வந்து இறங்குவார்கள். சுவரொட்டிக்கான மாவுப் பசையைக் காய்ச்சும் கொதிகலன் அந்தப் பெட்டியிலேயே இருக்கும். ஒட்ட இடம் கொடுத்த கடைக்காரருக்கும் குடியானவருக்கும் இலவச டிக்கெட். இந்தப் பெட்டிக்கு 'முன்வண்டி' என்று முன்பே முடிவு செய்துவிட்டோம், அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் காட்சி நாளன்று காலையில்தான். பொன்முலாம் பூசிய செதுக்கு வண்டியின் மேல் பேண்டு வாத்தியக்காரர்கள், அதன் பின்னால் குதிரைகள், கூண்டு வண்டிகள், யானைகள் என்று பெரிய தெரு வழியே போவார்கள். கூண்டுகளில் சிலவற்றைத் திறந்து வைப்பார்கள், சிலவற்றை வேண்டுமென்றே மூடி வைப்பார்கள். மூடியதற்குள் என்ன இருக்கிறது என்ற ஆவலுக்குத்தான் மாலையில் டிக்கெட். யானை வாடை பட்டால் ஊர்க் குதிரைகள் மிரளும் என்பதால், 'குதிரையைப் பிடித்துக்கொள்ளுங்கள், யானை வருகிறது' என்று ஓர் ஆள் முன்னால் கூவிக்கொண்டே போவார். கடைசியில் கேலியோப், அதாவது நீராவியில் ஊதும் குழல் வண்டி. 1855இல் ஜோஷுவா ஸ்டாடர்ட் காப்புரிமை பெற்ற கருவி அது; அதன் ஓசை மைல் கணக்கில் கேட்கும். அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வேடிக்கை பார்த்தவர்கள் அந்த ஓசையின் பின்னாலேயே நடந்து, கூடாரம் போட்ட மைதானத்துக்கே வந்து சேர்வார்கள். அங்கே டிக்கெட் வண்டி காத்திருக்கும்.

ஆக, இது காசில்லாமல் காட்டும் காட்சி. ஆனால் காட்டுவது மட்டும் அதன் வேலையல்ல, ஊரைக் கையோடு கூட்டிப்போவதும்தான். 'அணிவகுப்பு' என்றால் படையும் குடியரசு தினமும் நினைவுக்கு வருகின்றன. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். 'ஊர்வலம்' கட்சிக்கும் கல்யாணத்துக்கும் சவத்துக்கும் பொது. 'உலா' என்று சொல்லலாமென்றால், அந்தப் பெயருள்ள சிற்றிலக்கியத்தில் உலா வருபவனைக் கண்டு ஏழு பருவத்துப் பெண்களும் மயங்குவார்கள், அவன் தன் வழியே போய்விடுவான். யாரையும் எங்கும் அழைப்பதில்லை.

என் பரிந்துரை: ஊரழைப்பு.

நம் கல்யாணங்களில் 'மாப்பிள்ளை அழைப்பு' என்றால் யாரும் பத்திரிகையை நினைப்பதில்லை. அலங்கரித்த காரும் நாதஸ்வரமும் விளக்குகளுமாகத் தெருவில் வருவதைத்தான் நினைக்கிறோம். 'அழைப்பு' என்ற சொல்லுக்குள் ஊர்வலம் ஏற்கெனவே குடியிருக்கிறது. அங்கே மாப்பிள்ளையை அழைக்கிறோம், இங்கே ஊரை. இலக்கணமும் ஒன்றே, இரண்டாம் வேற்றுமைத் தொகை.

தம்பி ஒருவர் மணிமேகலையிலிருந்து 'விழாவறை'யை எடுத்துத் தந்தார். யானைப் பிடரியில் முரசை ஏற்றி இந்திர விழாவை அறிவிக்கும் இடம் அது. யானையும் அறிவிப்பும் சேர்ந்து வருவதால் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நகரத்தாரே தெருவை அலங்கரித்து விழாவை நடத்துகிறார்கள்; வெளியூர்க் கூட்டம் ஒன்று வந்து காசு வாங்கிக்கொண்டு காட்டுவதல்ல. மேலும் அங்கே 'அறை' என்றால் அறிவித்தல், இன்றைய காதுக்கோ அது வீட்டு அறைதான்.

என் சொல்லுக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 1884 மே மாதம் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் 21 யானைகளை, பேர்பெற்ற ஜம்போ யானை உட்பட, நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் நடத்திக்காட்டினார். முந்தைய ஆண்டு பாலம் இடியப் போகிறது என்ற பீதியில் நெரிசல் ஏற்பட்டுப் 12 பேர் இறந்திருந்தார்கள். பாலத்தின் உறுதிக்கு யானைகள் சாட்சி சொல்லின, பார்னத்துக்குப் பத்திரிகைகளில் பேர் கிடைத்தது. இதை ஊரழைப்பு என்று நான் எழுதமாட்டேன். கூடாரத்துக்குக் கூட்டிப்போகும் வால் இதில் இல்லை. 'விளம்பரக் காட்சி' என்று பொதுவாகச் சொல்வதே சரி.

இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது. அதே 1884இல் பார்னம் பர்மாவிலிருந்து ஒரு வெள்ளை யானையை வரவழைத்தார். போட்டி சர்க்கஸ் முதலாளி ஃபோர்பா ஒரு சாதாரண யானைக்கு வெள்ளையடித்து இறக்கினார். இப்படிப்பட்ட போட்டிகளில் எதிராளியின் சர்க்கஸைத் திட்டி அச்சடித்து ஊரெங்கும் ஒட்டும் தாள்களுக்கு அந்தத் தொழிலில் 'ரேட் ஷீட்' என்று பெயர், எலியைச் சொல்லும் ரேட். எலியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் திட்டு தொலைந்துவிடும். 'வசைகவி' நம்மிடம் இருப்பதால் 'வசைத்தாள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தேர்தல் நேரத்தில் இப்படிப்பட்ட நோட்டீஸை உங்கள் பக்கம் என்ன சொல்லி அழைப்பார்கள்? நல்ல பெயர் இருந்தால் என்னுடையதை எடுத்துவிடுகிறேன்.