பலேடியம்–செம்பு வினையூக்கி: ஒரு மணி நேரத்தில் மின்னோட்டம் சரிவது ஏன்?

குளுகோர் மாணவி:
வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். என் பாட்டி கெடாவில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவார்களே, அதே ஃபார்மிக் அமிலம்தான் என் எரிபொருள். நான் அதன் நெடியைப் பற்றிச் சொன்னதுமே, "தோட்டத்து அசிட்" என்று கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து மின்சாரம் எடுத்து அவருக்கு ஒரு சிறு விளக்கை எரித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

கரித்தூள்மேல் பலேடியத்தையும் செம்பையும் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கிப் படியவைத்தேன். 0.5 மோலார் கந்தக அமிலத்தில் 0.5 மோலார் ஃபார்மிக் அமிலம். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் முதல் சுற்றில் மின்னோட்டம் தனிப் பலேடியத்தைவிட நன்றாக எழுகிறது. ஆனால் ஒரே மின்னழுத்தத்தில் நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. செம்பு கரைகிறதா, ஃபார்மிக் அமிலத்திலிருந்து பிறக்கும் கார்பன் மோனாக்சைடு மேற்பரப்பை அடைக்கிறதா? எப்படிப் பிரித்தறிவது?

பாயான் லெப்பாஸ் முலாம்காரன்:
தங்கைக்கு வணக்கம். நான் பதினான்கு ஆண்டுகளாகப் பலேடிய முலாம் தொட்டியோடு வாழ்பவன். எந்த மின்னழுத்தத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதவில்லையே. திட்ட ஹைட்ரஜன் மின்முனையை வைத்துப் பார்த்தால் 0.34 வோல்ட்டுக்கு மேலே வெறும் செம்பு அமிலத்தில் கரையத் தொடங்கும். நீங்கள் 0.5 அருகே நிறுத்தியிருந்தால் மேற்பரப்புச் செம்பு தங்காது.

அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மேலே இருப்பது போனாலும் பலேடியத் தோலுக்கு அடியில் இருக்கும் செம்பு வேலை செய்யும். செம்பின் படிக இடைவெளி 3.61 ஆங்ஸ்ட்ராம், பலேடியத்துக்கு 3.89. உள்ளே சிறிய அணுக்கள் இருப்பதால் மேல்தோல் இறுகுகிறது. இறுகிய பலேடியத்தில் கார்பன் மோனாக்சைடின் பிடி தளர்கிறது. அளப்பதற்கு முன்பே தூய அமிலத்தில் சில சுற்றுகள் ஓட்டி, கரைய வேண்டிய செம்பைக் கரைத்துவிடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் ஒப்பீட்டு மின்முனை (மின்னழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறீர்களோ அது) வெள்ளி–வெள்ளி குளோரைடா? குளோரைடு கசிந்தால் பலேடியத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும், அது கரைவதற்கும் துணைபோகும். ஓட்டம் முடிந்த கரைசலில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள், குளோரைடு இருந்தால் வெளுக்கும்.

பட்டர்வொர்த் ஆசிரியர்:
அம்மா, ஓட்டம் முடிந்ததும் மின்முனையைக் கழுவி, ஃபார்மிக் அமிலம் இல்லாத புதுக் கந்தக அமிலத்தில் வைத்து மின்னழுத்தத்தை உயர்த்துங்கள். மீள் ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிடும் அளவில் 0.9 வோல்ட் அருகே, ஒட்டிய கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றமாகி மின்னோட்டத்தில் ஒரு மேடு எழுந்து, பிறகு எரிபொருளில் பழைய மின்னோட்டம் திரும்பினால் அடைப்பு. திரும்பாவிட்டால் உலோகம் கரைந்திருக்கும், அல்லது துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். உயர்த்துவதற்கு முன்பே கரைந்த செம்பை அளக்கப் பழைய கரைசலில் மாதிரி எடுத்துவிட வேண்டும். உயர்த்தும்போதும் செம்பு கரையும்.

குமிழிகளையும் கவனியுங்கள். பலேடியம் ஃபார்மிக் அமிலத்தைப் பெரும்பாலும் நேரடியாகக் கார்பன் டை ஆக்சைடாக்கும். பிளாட்டினத்தைவிட இதை விரும்புவதே அதனால்தான். அந்த வாயு மின்முனையில் ஒட்டி நின்றாலும் மின்னோட்டம் சரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அடர் ஃபார்மிக் அமிலம் கிடப்பிலேயே மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு தரும். இறுக மூடிய பழைய குப்பியைப் புகைப்போக்கிப் பெட்டிக்கு வெளியே திறக்காதீர்கள்.

குளுகோர் மாணவி:
அண்ணா, ஐயா, இருவருக்கும் நன்றி. நிறுத்தியது 0.5 வோல்ட்டில்தான், அதை எழுதாதது என் பிழை. வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விழுந்ததும் கரைசல் ரப்பர் பாலைப்போல வெளுத்துவிட்டது! ஒப்பீட்டு மின்முனையின் நுண்துளை முனையில் மயிரிழை விரிசல். குளோரைடு இல்லாத மெர்குரஸ் சல்பேட் மின்முனைக்கு மாறிவிட்டேன். இப்போது ஒரு மணி நேரத்தில் பாதிக்கும் மேலே நிற்கிறது. மிச்சச் சரிவும் மின்னழுத்தத்தை உயர்த்தினால் பெரும்பாலும் மீள்கிறது. செம்பு அளவீட்டுக்கு மாதிரி அனுப்பியிருக்கிறேன், வந்ததும் இங்கே எழுதுகிறேன்.