போனைத் தேடும் கையும் நண்பகல் பேயும்

போன் பழக்கத்தைக் குறைக்கச் சமூக ஊடகச் செயலிகளை நீக்கிய பிறகும் கை போனைத் தேடுகிறது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். தேடத்தான் செய்யும். 4ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இந்தத் தவிப்பை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். காலை 10 மணி வாக்கில் பிடித்தால் பிற்பகல் 2 வரை விடாதாம். பகல் 50 மணி நேரமாக நீளுமாம். சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டதா என்று சூரியனைப் பார்ப்பதும், யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பதுமாகவே பொழுது போகும். கிரேக்கத்தில் இதன் பெயர் அக்கேதியா; நண்பகல் பேய் என்றும் அவர் சொல்வார். சங்கீதம் 91:6இல் நாம் வாசிக்கும் 'மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்' பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் நண்பகல் பேய். சோம்பல் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும்; இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளாமை அது.

அவர் ஜன்னலில் பெரும்பாலும் மணல்தான் தெரிந்திருக்கும். நம் ஜன்னலான போன் திரை ஒவ்வொரு முறையும் எதையாவது நீட்டுகிறது, என்ன வரும் என்று தெரியாது. பிடியே அங்குதான். முடிவில்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார்.

—

மேலே சொன்னதோடு சேர்த்து: எகிப்து வனத்துத் துறவி அந்தோணியார் இதே அசதியில் கிடந்தபோது ஒரு காட்சி கண்டாராம். அவரைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிக்கிறார், எழுந்து ஜெபிக்கிறார், மறுபடி உட்கார்ந்து திரிக்கிறார். வேறொன்றும் இல்லை. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 25 நிமிடம் வேலை, பிறகு எழுந்து நின்று 2 நிமிடம் ஜெபம். அட்டையில் கையால் எழுதிய ஒரே வசனம், வாய்விட்டு. நிற்பது முக்கியம், உட்கார்ந்தபடியே கண்ணை மூடினால் கை தானாகப் பைக்குள் போய்விடும்.

போன் அடுத்த அறையில். அழைப்பு மணி மட்டும் ஒலிக்கட்டும், மற்ற அறிவிப்புகள் எல்லாம் அணைய வேண்டும். திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் (படுக்கைக்குப் போன் வருவதே அந்தச் சாக்கில்தான்). வேதம் அச்சுப் புத்தகமாக இருக்கட்டும். செயலியில் வாசித்தால் சங்கீதத்தின் நடுவில் ஒரு அறிவிப்பு வந்து இறங்கும், அதோடு தியானம் முடிந்தது.

பலர் சறுக்குவது எங்கே என்றால், எல்லாவற்றையும் ஒரே நாளில் நீக்கிவிட்டு அந்த இடத்தில் எதையும் வைப்பதில்லை. மத்தேயு 12இல் வரும் வீடுதான்: பெருக்கி ஜோடித்து வெறுமையாகக் கிடக்கிறது, போன ஆவி ஏழு பேரோடு திரும்புகிறது. அந்த நேரத்தில் செய்யப்போகும் கைவேலையை முதலில் முடிவு செய்யுங்கள், நீக்குவது பிறகு.

—

ஒரு எச்சரிக்கை. போனை முழுவதும் அமைதியாக்கினாலும், வீட்டில் நோயாளி இருந்தால் அவர் தொடர்பான 2, 3 எண்களுக்கு மட்டும் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பில் விலக்குக் கொடுங்கள். ஓய்வுநாளே மனுஷனுக்காகத்தான் என்பது மாற்கு 2:27. இன்னொன்றும் உண்டு. 2 வாரமாகத் தூக்கமும் பசியும் போய், பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதை அக்கேதியா என்று நினைத்து வசன அட்டையோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். டாக்டரைப் பாருங்கள், ஜெபத்தையும் நிறுத்த வேண்டியதில்லை.