இரவில் தமிழில் முறைப்பாடு எழுத ஆள் இல்லாத பொலிஸ் நிலையம்: பார்த்ததைச் சொல்லுங்க

கொச்சிக்கடை:
கொழும்பு வடக்கில ஒரு நிலையம், பேர் வேண்டாம். இரவு பத்தரை, சங்கிலி அறுத்த முறைப்பாடு. வந்த அம்மாவுக்குத் தமிழ் மட்டும், கவுண்டர்ல இருந்த கான்ஸ்டபிளுக்குச் சிங்களம் மட்டும். வெளியில ஓட்டோ நிறுத்திற பார்க்கில நின்ற த்ரீவீல் பையனைக் கூப்பிட்டாங்க. அவன் ஹயர் போற அவசரத்தில பாதியைச் சொல்லிட்டு ஓடிட்டான். கான்ஸ்டபிள் புத்தகத்தைத் திருப்பி விரலால இடத்தைக் காட்டினார், அவ கையெழுத்து வச்சா. என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் வாசிச்சுக் காட்டல. அந்த விரல்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

பழைய_கிளார்க்:
1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பிரிவு 109(2). வாயால சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசிச்சுக் காட்டணும். அலுவலருக்கு அது முடியாட்டி, முறைப்பாட்டாளரையே அவர் மொழியில எழுதித் தரச் சொல்லணும். அவருக்கும் எழுத ஏலாட்டித்தான் மற்ற மொழி. அப்பவும் காரணத்தைப் பதிஞ்சு, எழுதினதை அவருக்கு விளங்கிற மொழியில சொல்லணும். அதனால த்ரீவீல் பையனைத் தேட முதல் ஒரு வெள்ளைத்தாள் குடுத்திருக்கணும். எழுதத் தெரிஞ்சவங்க வீட்டிலயே எழுதி ரெண்டு பிரதி கொண்டு போங்க: திகதி, நேரம், இடம், பொருள், பெறுமதி, பார்த்த ஆக்கள். முறைப்பாடு பதியிற தகவல் புத்தகத்தின் பக்கமும் பந்தியும் குறிச்சு வாங்காம வெளியில வராதீங்க.

லேன்_37:
சட்டம் சரி அண்ணே, கதிரையில ஆள் எங்க? ஒரு கதிரைக்கு ஆண்டு முழுக்க 8,760 மணித்தியாலம். 8 மணித்தியால முறையில, லீவு, நீதிமன்றம், பயிற்சி எல்லாம் போக ஒருத்தர் 220 நாள் வருவார்னு வைங்க, 1,760தான். அப்ப ஒரே ஒரு தமிழ்க் கதிரைக்கே 5 பேர் வேணும். ரெண்டு பேரைப் போட்டுட்டு ‘தமிழ் அலுவலர் உண்டு’ன்னு பலகை தொங்கவிட்டா, அது பகல் 12 மணித்தியாலத்துக்கே பத்தாது. அதிலயும் ஒருத்தர் ‘இணைப்பு’ல போயிட்டா, பேர் இங்க, வேலை வேற இடம். கணக்கில வெற்றிடமா வராது, பதில் ஆளும் வராது. நவம் பெரஹெரா ஊர்வலம், ஆடிவேல் திருவிழா, காலிமுகத்திடல் ஆர்ப்பாட்டம்னு எது வந்தாலும் நிலையங்கள்ல இருந்துதான் ஆளை உருவுறாங்க.

ஹன்வெல்லப்_பக்கம்:
நீங்க எல்லாரும் டவுனைப் பத்தியே பேசுறீங்க. ஹன்வெல்ல, அவிசாவளைப் பக்க றப்பர் தோட்டங்களும் கொழும்பு மாவட்டம்தான். இங்க ஆளை விட ஜீப்தான் பிரச்சினை. சந்தேகநபரைச் சட்ட வைத்திய அதிகாரிகிட்ட காட்டி, 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவான் முன்னால நிறுத்தணும். அதுக்கு ஜீப்பும் டிரைவரும், கூட ரெண்டு பேரும் போனா மிச்சம் ஒரு மோட்டார் சைக்கிள். அந்த நேரத்தில லயத்தில, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில, சண்டைன்னு பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அடிச்சா, கோல் எடுக்கிறாங்க, அனுப்ப வண்டி இல்ல. டிரைவர் லீவுன்னா ஜீப் முற்றத்திலயே நிக்கும்.

கணக்குப்பிள்ளை:
யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில தமிழிலேயே விண்ணப்பம் போடலாம். படிவம் கட்டாயமில்ல, கடிதம் போதும், ஆனா ஒப்புகை வாங்குங்க. ‘ஆளணி (நிலையத்துக்கான ஆட்கள்) எவ்வளவு’ன்னு மட்டும் கேட்டா அங்கீகரிச்ச எண்ணைத் தந்து முடிச்சுடுவாங்க. பிரிச்சுக் கேளுங்க: அங்கீகரித்த ஆளணி, உண்மையில் கடமையில் உள்ளோர், வெளியே இணைக்கப்பட்டோர், தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடியோர், அவர்களில் இரவு முறையில் நின்றோர், ஓடும் நிலையில் உள்ள வாகனம், டிரைவர். வரப்போற கடமைப் பட்டியலைக் கேக்காதீங்க, பாதுகாப்புன்னு மறுக்க வழி கிடைக்கும். முடிஞ்சுபோன ஒரு மாதத்தைக் கேளுங்க, பேர் வேண்டாம், எண் போதும். தீர்மானத்துக்கு 14 வேலை நாள். மறுத்தாலும் பதில் வராட்டியும் விடாதீங்க. மேன்முறையீட்டைப் பார்க்கிற குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள்ள மேன்முறையீடு, அதுவும் சரிவராட்டி ரெண்டு மாதத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அப்புறம் கிளார்க் அண்ணே, வீட்டிலயே எழுதிக்கொண்டு போன்னு சொல்றது சங்கிலி பறிகுடுத்து நடுங்கிட்டு வந்த பொம்பளைக்குச் சரிவராது.

பழைய_கிளார்க்:
நடுங்கிறவங்களுக்குக் கூடப் போறவர் எழுதலாமே தம்பி. கீழ அவர் பேரையும், வாசிச்சுக் காட்டினதையும் ஒரு வரி சேர்த்தாப் போதும்.

லேன்_37:
எவ்வளவு ஆளை உருவினாங்கன்னு தெரியணும்னா, ஆடிவேல் மாதத்தையும் அதுக்கு முந்தின மாதத்தையும் ரெண்டு விண்ணப்பமாப் போடுங்க. ஒண்ணாக் கேட்டா சராசரி போட்டுத் தந்துடுவாங்க.