ஓடைக்குச் சுவர் கட்டும் முன்னால்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

போன வாரம் நம் ஊர்க் குழுவுக்கு வந்த எஸ்டிமேட்டைப் பார்த்தேன். மேலக்காட்டு ஓடையை ஜேசிபி வைத்து ஆழப்படுத்துவது, ஒரு பக்கம் கான்கிரீட் சுவர், நடுவில் ஒரு தடுப்பணை. என் பங்கைத் தர நான் தயார்தான். ஆனால் முடிவெடுக்கும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

இந்தக் கோடையில் இங்கே அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் ஓடைகளை மீட்கும் வேலைக்கு நாலு நாள் பயிற்சி போனேன். முதல் நாள் ஆளுக்கொரு ஓடைத் துண்டின் வரைபடத்தைக் கொடுத்துத் திட்டம் போடச் சொன்னார்கள். நான் ஓடையை மட்டும் அழகாக வரைந்து, குறுக்கே ஒரு பெரிய தடுப்பு போட்டேன். பயிற்சி கொடுத்த அம்மா பார்த்துவிட்டு, "ஓடை எங்கே இருக்கிறது என்பது சரி, அது புரண்டு படுக்க எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று கேட்டார். பிறகு பள்ளத்தாக்கின் அடி எதுவரை, பழைய தடம் எங்கே, வெள்ளம் ஏறினால் யார் வீடு, யார் வேலி என்று முதலில் குறிக்க வைத்தார். தடுப்பை எங்கே வைப்பது என்ற பேச்சே மூன்றாவது நாள்தான் வந்தது.

ஓடைக்கு நோய் எப்படி வருகிறது என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. தண்ணீர் வேகமாக ஓடினால் அடியை அரிக்கிறது. அடி இறங்க இறங்க வெள்ளம் கரை ஏறாது. ஏறாத வெள்ளம் முழுவதும் அதே குழிக்குள் இன்னும் வேகமாக ஓடி இன்னும் அரிக்கும். பக்கத்து நிலத்தின் நீர்மட்டமும் கூடவே இறங்கிவிடும். நாம் காசு கொடுத்து ஆழப்படுத்தினால் அந்த நோயை நாமே உண்டாக்குகிறோம்.

மூன்றாம் நாள் ஓடைக்குள் இறங்கினோம். மணிக்கட்டுப் பருமனுள்ள மரக் கம்புகளை வரிசையாக அறைந்து, இடையில் வில்லோ என்ற மரத்தின் விளார்களைப் பின்னி, அடியில் கல்லும் சேறும் அப்ப வேண்டும். நம்ம ஊரில் படல் பின்னுவோமே, அதே கைவேலை. முதலில் தண்ணீர் விளாருக்குள் புகுந்து போய்க்கொண்டே இருந்தது. கை கையாகச் சேற்றை வைத்து அழுத்த அழுத்த, அரை மணி நேரத்தில் மூன்றாவது பின்னல்வரை ஏறியது. அதுவரை விர்ரென்று போய்க்கொண்டிருந்த இலை ஒன்று நின்று, வட்டமடித்து, கரையோரம் ஒதுங்கியது. சாயங்காலம் பார்த்தால் இடப் பக்கம் காய்ந்து கிடந்த பழைய தடத்துக்குள் தண்ணீர் விரலளவு எட்டிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இது பீவர் கட்டும் அணையைப் பார்த்துச் செய்வது. பீவர் என்பது மரத்தைக் கடித்து வெட்டி ஓடையில் அணை கட்டும் விலங்கு. ஓரிகன் மாநிலத்தில் பிரிட்ஜ் கிரீக் என்ற ஓடையில் 2009 முதல் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட தடுப்புகளை வைத்தார்கள். பீவர்களே வந்து பலவற்றை எடுத்து நடத்தின. ஸ்டீல்ஹெட் மீன்குஞ்சுகள் பெருகின. ஒரு தடுப்பு உடைந்தாலும் கவலைப்படுவதில்லை. பத்து இருப்பதால் மற்றவை தாங்கும், உடைந்த கம்பும் கீழே போய் இன்னொரு இடத்தில் சிக்கி மண்ணைப் பிடிக்கும்.

நம்மிடம் பீவர் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே ராத்திரியில் வந்துபோகும் வெள்ளம் வேறு. அதனால் இதை அப்படியே ஊரில் போடச் சொல்லவில்லை. நம் ஓடைக்கு உறவென்றால் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக் காய்ந்த ஓடைகள்தான். வருடம் முழுக்க மணல், மழைக்காலத்தில் திடீர் வெள்ளம். அங்கே வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற பில் ஜீடிக் என்பவர் ஒற்றைக்கல் தடுப்பு என்று ஒன்றைப் பரப்பினார். உயரம் ஒரே ஒரு கல். ஆனால் ஓட்டத்தின் போக்கில் நாலைந்து வரிசை, இடுக்கில்லாமல் நெருக்கி அடுக்க வேண்டும். ஒரு கல் மேல் இன்னொன்று வைத்தால் அங்கிருந்து விழும் தண்ணீர் அடியைக் குடைந்து தடுப்பையே கவிழ்த்துவிடும். ஒற்றைக் கல்லாக இருந்தால் வண்டல் தங்கும், ஈரம் நிற்கும், புல் முளைத்துக் கல்லைக் கட்டிக்கொள்ளும்.

நம் ஓடைதான் கண்மாய்க்கு வரத்து. நடுவில் பெரிய அணை கட்டினால் ஆயக்கட்டுக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், அது நியாயமும்தான். மேலே கரட்டடியில் ஓடைக்குச் சேரும் சின்னச் சின்ன அரிப்புகளில் ஒற்றைக்கல் வரிசைகள் போட்டால் தண்ணீர் தடைபடாது. கண்மாயைத் தூர்க்கும் மண் மட்டும் மேலேயே நிற்கும். கல் அங்கேயே கிடக்கிறது. கரையில் நாணலும் நொச்சியும் வெட்டிவேரும் நடலாம். ஓடை புறம்போக்கு என்பதால் ஊராட்சியிடமும் நீர்வளத்துறையிடமும் அனுமதி வாங்கித்தான் கை வைக்க வேண்டும்.

தீபாவளிக்கு ஊர் போகிறவர்கள் ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். கரட்டடியிலிருந்து கண்மாய் முகத்துவாரம் வரை நடந்து, கரை இடிந்த இடம், ஓடை அடி படிபோல விழும் இடம், பழைய தடம் தெரியும் இடம் மூன்றையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி எடுத்தால் ஆழம் தெரியும். முத்தையா கோயில் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர்களிடம், அவர்கள் சின்ன வயதில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படங்கள் வந்ததும் வரைபடத்தில் நான் குறித்து அனுப்புகிறேன். அதுவரை எஸ்டிமேட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று பொருளாளர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மேலத்தெருத் தம்பி, பாய்சியிலிருந்து