கொல்கத்தாவிலிருந்து 78 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 78 சுற்று) கிராமபோன் பிளேட்டுகள்: உடையாமல் வந்து சேர என்ன செய்யணும்?

நெல்லை_சவுண்ட்பாக்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் எச்.எம்.வி. பெட்டி கிராமபோன் பல வருஷமாகப் பரணில் கிடந்தது. ஸ்பிரிங்கை மாற்றி ஓட வைத்துவிட்டோம், நன்றாகவே பாடுகிறது. ஆனால் வீட்டில் மிஞ்சியிருக்கும் பிளேட்டுகள் தேய்ந்துபோய், பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கிறது.

ஆன்லைனில் கொல்கத்தாக்காரர் ஒருவர் தமிழ்ப் பிளேட்டுகள் ஒரு கட்டு விற்பனைக்குப் போட்டிருக்கிறார். எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரம் எல்லாம் சேர்த்து ஒரு டஜன் இருக்கும். எல்லாம் 10 அங்குலம். படத்தில் லேபிள் மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது. கீழே "ஆன்டிக், குட் கண்டிஷன்" என்று ஒரு வரி.

பயம் எதற்கென்றால், இதற்கு முன் வேறொருவரிடம் பாகவதர் பிளேட்டு ஒன்று வாங்கினேன். பபிள் ராப்பைச் சுற்றி ஒரு கவரில் போட்டு அனுப்பிவிட்டார். கூரியர் பையன் கையில் கொடுக்கும்போதே உள்ளே கலகலவென்று சத்தம். பிரித்தால் நாலு துண்டு. கூரியர் ஆபீசில் கேட்டதற்கு, "உடையும் பொருளுக்குப் பொறுப்பில்லைன்னு ரசீது பின்னாடி போட்டிருக்கே, பார்க்கலையா?" என்றார்கள். இந்த முறை விற்பவரிடம் முன்கூட்டியே என்ன சொல்ல வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வடபழனி_வாசு:

இதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறதே பாஸ், எதற்கு இந்தத் தலைவலி?

காரைக்குடி_ஓடியன்:

வாசு சார், கிராமபோனில் யூடியூப் ஓடாது. விடுங்கள்.

நெல்லைத் தம்பி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பொழுது போவதே பிளேட்டுகளோடுதான். வாங்குவேன், கேட்கிறவர்களுக்கு அனுப்பவும் செய்வேன். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஓடியன் கம்பெனிப் பிளேட்டுகள் நிறைய இருந்தன. ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியாரின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற சரக்கு. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

78 பிளேட்டு பிளாஸ்டிக் இல்லை. அரக்கு, கல்மாவு, கரி எல்லாம் கலந்து சூட்டில் அழுத்திச் செய்தது. அதில் அரக்கைவிடக் கல்மாவுதான் அதிகம். எல்.பி. (பின்னால் வந்த வினைல் பிளேட்டு) வளைந்து கொடுக்கும், இது முறியும். அதனால் எல்.பி. அனுப்புகிற தட்டையான அட்டை உறையில் இதை அனுப்புவது கொலைக்குச் சமம். உடைகிற பிளேட்டு பெரும்பாலும் ஓரத்தில் அடி வாங்கித்தான் உடைகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பேக்கிங் தானாகப் புரியும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் படம் கேளுங்கள். லேபிள் படம் எதற்கும் உதவாது. ஜன்னல் வெளிச்சத்தில் பிளேட்டைச் சாய்த்துப் பிடித்து இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டி ஓட்டித் தேய்ந்த பிளேட்டில் ஊசி ஓடும் வரிகள் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். ஓரத்திலிருந்து உள்ளே ஓடுகிற மயிரிழை விரிசல் மட்டும் படத்தில் சிக்காது. அதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. நடு ஓட்டையில் விரலை விட்டுப் பிளேட்டைத் தூக்கிப் பிடித்து, ஓரத்தில் நகத்தால் மெல்லத் தட்ட வேண்டும். நல்ல பிளேட்டு கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் 'டொக்' என்று அடைத்த சத்தம் வரும். இதை ஒவ்வொரு பிளேட்டுக்கும் செய்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். பாதிப் பேர் அத்தோடு பதில் போடுவதையே நிறுத்திவிடுவார்கள். நல்லதுதான், அவர்களிடம் வாங்க வேண்டாம்.

பேக்கிங் விஷயத்தில் "நல்லா பேக் பண்ணுங்க" என்று சொல்லவே கூடாது. எல்லோரும் "சரி" என்பார்கள். நான் இப்படித்தான் எழுதி அனுப்புவேன்: 12 அங்குலச் சதுரத்தில் நெளி அட்டை (உள்ளே அலையலையாக மடிப்பு இருக்கும் பெட்டி அட்டை) வெட்டிக்கொள்ளுங்கள். பிளேட்டு 10 அங்குலம் என்பதால் சுற்றிலும் ஓரங்குலம் அட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அடி விழுந்தால் அட்டை வாங்கிக்கொள்ளும், பிளேட்டு தப்பும். காகித உறையில் போட்ட ஒவ்வொரு பிளேட்டுக்கும் நடுவில் ஓர் அட்டை வைக்க வேண்டும். மேலேயும் கீழேயும் இரண்டிரண்டு. அந்த இரண்டில் ஒன்றின் நெளி நீளவாட்டிலும் மற்றதன் நெளி குறுக்காகவும் இருந்தால் மடங்காது. பிறகு நாலு பக்கமும் டேப் போட்டு, உள்ளே எதுவும் நகராதபடி ஒரே கட்டாக இறுக்க வேண்டும். நசுக்குகிற அளவுக்கு இறுக்கவும் கூடாது.

இந்தக் கட்டுக்கு பபிள் ராப் இரண்டு சுற்று. அதன்பின் பெரிய பெட்டிக்குள் நடுவில் வைத்து, ஆறு பக்கமும் குறைந்தது 2 அங்குல இடைவெளி விட்டு, கசக்கிய செய்தித்தாளைத் திணிக்க வேண்டும். தெர்மாகோல் உருண்டை வேண்டாம். கனமான கட்டு அதற்குள் மெல்ல இறங்கி அடியில் போய் உட்கார்ந்துவிடும். மூடிய பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வரக் கூடாது. ஒரு பெட்டிக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் டஜனை ஆறு ஆறாகப் பிரித்து அனுப்பச் சொல்வேன் நான். கனமான பெட்டியை எவனும் மெதுவாக வைப்பதில்லை, தொப்பென்று போடுவான். 'உடையும் பொருள்' ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் அதை நம்பி எதுவும் செய்ய வேண்டாம்.

பழைய பிளேட்டு ஆல்பம் (பிளேட்டுகளைச் செருகி வைக்கும் புத்தகம்) ஏதாவது சேர்த்துக் கொடுத்தால், பிளேட்டை அதற்குள் வைத்தே அனுப்ப விடாதீர்கள். ஆல்பத்தின் முதுகுப்பக்கம் கடினமாக இருக்கும், பெட்டி விழுந்தால் ஓரங்கள் அதில் இடித்து வரிசையாகச் சில்லு பெயரும். ஆல்பம் தனியாக வரட்டும்.

இவ்வளவும் தெரிந்த வியாபாரிகள்கூட ஏன் சின்னப் பெட்டியில் அனுப்புகிறார்கள்? காசுதான் காரணம். கூரியரில் நிஜ எடை, பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிடும் எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பல இடங்களில் வழக்கம். 45 × 45 × 20 பெட்டி என்றால் 8 கிலோ கணக்காகிவிடும். உள்ளே இருப்பது 3 கிலோகூட இருக்காது. அந்த வித்தியாசம் தன் தலையில் விழும் என்றுதான் விற்பவர் வெளிப்பெட்டியைச் சுருக்குகிறார். நான் முதல் கடிதத்திலேயே, பெட்டிச் செலவும் கூரியர் வித்தியாசமும் என்னுடையது என்று சொல்லிவிடுவேன். பேச்சே மாறிவிடும்.

வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை முதல் டேப்பிலிருந்து நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பிறகு சுத்தம் செய்யும்போது ஸ்பிரிட், சானிடைசர் பக்கமே போகக் கூடாது. ஆல்கஹாலில் அரக்கு கரையும். சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். லேபிள் நனையாமல் துடைத்து, நிழலில் நிறுத்தி உலர வையுங்கள். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும்.

டொரொன்டோ_தட்டு:

அண்ணை சொன்னதெல்லாம் சரி. குளிர் நாட்டில் இருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். இங்கே ஜனவரியில் பெட்டி வந்தால் உடனே பிரித்துப் பார்க்க மாட்டேன். ஓர் இரவு வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும். குளிரில் விறைத்த தட்டைச் சூடான அறையில் சட்டென்று எடுத்துக் கையாளுவது ஆபத்து.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 100 வருடம் தாண்டிய பழம்பொருட்களைத் தனியார் வெளியே அனுப்ப இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டம் விடாது. தட்டும் அதில் வருமா என்று சுங்கத்தில் நின்று வாதாட எனக்குத் தெம்பில்லை. அவ்வளவு பழையதை அங்கிருந்து எடுப்பதில்லை.

நெல்லை_சவுண்ட்பாக்ஸ்:

ரொம்ப நன்றி ஐயா. நீங்கள் எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினேன். ஆச்சரியம், மனிதர் எல்லாப் பிளேட்டையும் தட்டி வீடியோ அனுப்பிவிட்டார்! பேக்கிங்குக்கு மட்டும் 600 ரூபாய் தனியாகக் கேட்கிறார். ராஜரத்தினம் பிள்ளை பிளேட்டு ஒன்று 'டொக்' என்கிறது. தோடி. அதை விட்டுவிடவா?

காரைக்குடி_ஓடியன்:

தோடியா! விலையைப் பாதியாகக் குறைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கிராமபோனில் போடாதீர்கள். ஊசி மாட்டும் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் அழுத்தும், விரிசல் அகலும். தெரிந்தவரிடம் எலக்ட்ரிக் பிளேயர் இருந்தால், 78-க்கான தடித்த ஊசி மாட்டி ஒரு தடவை ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள். விரிசலை ஊசி தாண்டும்போதெல்லாம் 'டிக்' விழும், நிமிஷத்துக்கு 78. அதை மென்பொருளில் ஓரளவு எடுத்துவிடலாம். கட்டும்போது அந்தப் பிளேட்டை நடுவில் வைக்கச் சொல்லுங்கள், மேலேயோ அடியிலேயோ வேண்டாம்.

600 ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இரண்டு பெட்டிக்கு அது நியாயமான தொகைதான். அனுப்புவதைத் திங்கள் அல்லது செவ்வாய் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுக்க ஏதாவது குடோனில், மேலே எந்த மூட்டை ஏறுகிறது என்றே தெரியாமல் கிடக்கும்.