எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு சுகர், பசி, ஹார்மோன்: உங்களுக்கு என்ன நடந்தது?

அரைவயிறு:
வயிற்றைச் சிறிதாக்கிக் குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் முடிந்து நான்காம் நாள். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார், நம்பாமல் வேறு விரலில் குத்தினார். 112. பதினொரு வருடமாக இரண்டு வேளையும் இன்சுலின் போட்டவன் நான். "இன்னிக்கு வேண்டாம் சார்" என்று ஊசியின் மூடியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். எடை இரண்டு கிலோகூடக் குறையவில்லை. அப்போ 'எடையைக் குறை, சுகர் தானாக இறங்கும்' என்று இத்தனை நாள் திட்டினார்களே, அது என்ன கணக்கு? மூடி மாட்டிய அந்த 'டக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
சார், அதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்த நாலு நாளும் உள்ளே என்ன போனது? கரண்டிக் கணக்கில் தண்ணீர். சாப்பாடு அப்படி விழுந்தால் ஈரல் கொழுப்பு முதலில் கரையும், ஈரல் ரத்தத்தில் கொட்டும் சர்க்கரையும் குறையும். கத்தி படாமலே பட்டினி கிடந்தாலும் முதல் வாரம் இதுதான் நடக்கும். தசையில் இருக்கும் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சொன்னபடி தசை கேட்காதது, எடை இறங்க இறங்கத்தான் தளரும். எனக்கு ஸ்லீவ், வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது; சுகர் மாத்திரை நிற்க ஏழு மாதம் ஆனது.

இனிப்புப்பகை:
கணக்குப்பிள்ளை சொல்வது பாதிதான். பைபாஸில் சாப்பாடு சீக்கிரமே சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குப் போய்விடும். அங்கே சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் எகிறும், அது இன்சுலினைக் கிளப்பிவிடும். பட்டினிக்கு இந்த வேலை தெரியாது. நான் பட்டே தெரிந்துகொண்டேன். ஒரு டம்ளர் ஜூஸ் குடித்து இரண்டு மணி நேரம், மீட்டிங் நடுவில் பேனா கையில் நிற்கவில்லை. எழுத்து கோணல் மாணலாக ஓடுகிறது, முதுகெல்லாம் வியர்வை. சுகர் 48! ஏறிவிடுமோ என்றே பயந்து வாழ்ந்தவளுக்கு இறங்கியதும் கையில் மிட்டாய் இல்லை.

மழைக்காலம்:
எனக்குப் பிசிஓடி, ஹார்மோன் கோளாறால் மாதவிடாய் ஒழுங்காக வராத சினைப்பைப் பிரச்சினை. ஸ்லீவ் செய்து ஐந்தாம் மாதம். மாத்திரை போடாமல் மாதவிடாய் வந்தது, பல வருடம் கழித்து. ஆபீஸ் கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதே வாரம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. எதற்கு அழுதேன் என்று எனக்கே குழப்பம்.

பெரியக்கா:
எனக்கும் அப்படித்தான் வந்தது, மூன்றே மாதத்தில். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன் தங்கச்சி. இன்சுலின் இறங்கினால் சினைப்பையில் ஆண் ஹார்மோனும் இறங்கும், கருமுட்டை வெளிவர ஆரம்பிக்கும். 'நமக்கெல்லாம் எங்கே' என்று அசட்டையாக இருந்துவிடாதே. 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடத்தான் சொல்வார்கள், அந்தச் சமயத்தில் உடம்பில் சத்து இருக்காது. கருத்தடை பற்றி டாக்டரிடம் கேள், பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். முடி பெரும்பாலும் திரும்ப வளரும், புரதத்தைக் குறைக்காதே. இரும்பு, பி12 பார்த்தாயா? பார்க்காவிட்டால் இந்த வாரமே பார்.

மழைக்காலம்:
அக்கா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

பழையபசி:
ஸ்லீவில் வெட்டி எடுக்கும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் அதிகம் சுரக்கும். முதல் வருடம் அலாரம் வைத்துச் சாப்பிட்டேன். மூன்றாம் வருடம் ஒரு ராத்திரி வயிறு 'கர்' என்றது. பழைய கடன்காரன் கதவைத் தட்டியது போலிருந்தது. சுகரும் பின்னாலேயே வந்தது. பாதி மாத்திரையில் இருக்கிறேன்.

அரைவயிறு:
இதற்குத்தான் அந்த ஊசிப் பெட்டியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.