பாலக்காடு–காவிரி மாஃபிக் கிரானுலைட்: கார்னெட் வளர்ந்தது 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பா, 53 கோடியிலா?

கொங்குப்பாறை:
நாமக்கல் பக்கம், பாலக்காடு–காவிரி இணைப்பு மண்டலத்தில் (பழைய நிலத்தட்டுகள் ஒட்டிய பகுதி) எடுத்த மாஃபிக் கிரானுலைட் இது, அதாவது இரும்பும் மக்னீசியமும் மிகுந்த, கடும் வெப்பத்தில் உருமாறிய பாறை. கார்னெட், கிளினோபைராக்சீன், பிளேஜியோகிளேஸ், சிறிது ரூட்டைல் ஆகிய கனிமங்கள் இருக்கின்றன. கார்னெட்டைச் சுற்றி ஆர்த்தோபைராக்சீனும் பிளேஜியோகிளேஸும் பின்னிய விளிம்பு. வயது கணிக்க உதவும் சிர்கான் கனிமம் மிகக் குறைவு. கிடைத்த மணிகளின் நடுப்பகுதி சுமார் 250 கோடி ஆண்டு, மெல்லிய ஓரம் சுமார் 53 கோடி ஆண்டு காட்டுகிறது. கார்னெட்டை வளர்த்த உயர் அழுத்தம் எந்தக் காலத்தது என்று எழுதுவது?

மணற்படுகை:
53 கோடிதான். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலம். சிர்கான் ஓரத்தில் கனமான அருமண் தனிமங்கள் (லுட்டீசியம் போன்றவை, கார்னெட் ஈர்த்துக்கொள்பவை) குறைந்திருந்தால் கார்னெட்டும் அப்போதையது.

கருங்கல்:
இதை ஏற்க மாட்டேன். அருமண் குறைந்த ஓரம் சொல்வது ஒன்றே: சிர்கான் வளர்ந்தபோது பாறையில் கார்னெட் இருந்தது. அது அப்போதுதான் பிறந்தது என்று அந்த ஓரம் சொல்லவில்லை. 250 கோடி ஆண்டுப் பழைய கார்னெட்டும் அந்தத் தனிமங்களைத் தன்னிடமே பிடித்து வைத்திருக்கும். இந்த மண்டலத்தைப் பற்றிய பாதிச் சண்டை இந்த இடத்தில்தான் கிளம்புகிறது. சிர்கானின் வயதைக் கார்னெட்டின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

கார்னெட்டையே கேளுங்கள். லுட்டீசியம் அதன் மையத்தில் குவியும் தனிமம். ஆகவே லுட்டீசியம் சிதைந்து ஹாஃப்னியமாவதைக் கொண்டு வயது கணிக்கும் லுட்டீசியம்–ஹாஃப்னியம் முறை, வளர்ச்சியின் தொடக்கத்தை ஒட்டிய வயதைத் தரும். அதே போன்ற சமாரியம்–நியோடிமியம் முறை பெரும்பாலும் பிந்திய நிலையையோ குளிர்வையோ காட்டும். அதற்கு முன் ஒரு மணியின் குறுக்கே லுட்டீசியம் பரவலை அளந்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் பின்னல் விளிம்பு, அழுத்தம் குறைந்து கார்னெட் கரைந்ததன் தடயம். கரையும்போது லுட்டீசியம் மீண்டும் கார்னெட்டின் ஓரத்தில் சேரும், ஹாஃப்னியம் வெளியேறிவிடும். அப்போது வயது பொய்யாக இளமையாகும். 120 கோடி என்பது போல இடையில் ஓர் எண் வந்தால், அதற்கு ஒரு மலையாக்க நிகழ்வைப் புனைந்துவிடாதீர்கள். அது இரு காலங்களும் கலந்த கலவை வயதாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

கொங்குப்பாறை:
நன்றி ஐயா. ரூட்டைலின் யுரேனியம்–ஈய வயது இதில் உதவுமா?

கருங்கல்:
குளிர்வுக்கு உதவும், கார்னெட்டுக்கு உதவாது. கிரானுலைட் வெப்பத்தில் ரூட்டைல் ஈயத்தை இழந்துவிடும். ஆனால் கார்னெட்டுக்குள் சிக்கிய ரூட்டைலையும் வெளியே உள்ளதையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள், அது வீணாகாது.

ஆய்வுமேசை:
ஒரு செய்முறைக் குறிப்பு. கார்னெட்டுக்குள் நுண்ணிய சிர்கான் உள்ளடக்கங்கள் இருந்தால், அவற்றின் பழைய ஹாஃப்னியம் எல்லாவற்றையும் குழப்பிவிடும். உயர் அழுத்தக் கலனில் வேண்டாம். மூடிய டெஃப்லான் குப்பியில், சூட்டுத்தட்டின் மேல் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரையுங்கள். கார்னெட் கரையும், சிர்கான் பெரும்பாலும் கரையாமல் நிற்கும்.